வேக்குவம் கேஜ் சொல்வதும் டைமிங் லைட் சொல்வதும்

கேள்வி இது. பழைய கார்புரேட்டர் கார். புத்தகத்தில் உள்ளபடி 8 டிகிரியில் டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்) வைத்தால் ஐட்லிங்கில் வேக்குவம் கேஜ் 15 அங்குலம்தான் காட்டுகிறது. டிஸ்ட்ரிபியூட்டரை (பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் அனுப்பும் சாதனத்தை) கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் 19 வரை ஏறுகிறது, எஞ்சினும் பட்டுப்போல ஓடுகிறது. ஆனால் அப்படியே விட்டுவிட்டால் ஏற்றத்தில் நாக்கிங் (எஞ்சினுக்குள் தட்டும் சத்தம்) வருகிறது, எஞ்சின் சூடாக இருக்கும்போது ஸ்டார்ட்டர் திணறுகிறது. கேஜை நம்புவதா, லைட்டை நம்புவதா? டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து வரும் வேக்குவம் டியூபை கார்புரேட்டரின் எந்த நிப்பிளில் மாட்டுவது?

லைட்டை நம்புங்கள். ஒன்றாம் பிளக்கில் பொறி விழும்போதெல்லாம் மின்னி, சுற்றும் புல்லியில் உள்ள குறியைக் காட்டுவது அதுதான். கேஜ் பொய் சொல்லவில்லை, ஆனால் அது டைமிங்கை அளக்கும் கருவி இல்லை. எஞ்சின் அந்த நேரத்தில் எவ்வளவு சுமையில், எவ்வளவு சுகமாக ஓடுகிறது என்பதை மட்டும்தான் அது காட்டும். டைமிங் மாறினால் கேஜ் முள்ளும் நகர்வதால் இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றிவிடுகிறது. நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் வேக்குவம். எஞ்சினை ஒரு காற்று பம்ப் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் இறங்கும்போதெல்லாம் காற்றை இழுக்கிறது. கார்புரேட்டரின் அடியில் த்ராட்டில் தகடு வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. இந்த இழுப்புக்கும் அடைப்புக்கும் நடுவே மாட்டிக்கொண்ட மேனிஃபோல்டில், அதாவது கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குப் போகும் குழாயில், அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவுதான் வேக்குவம். கடல் மட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் பாதரசக் கணக்கில் 29.9 அங்குலம். கேஜ் 20 காட்டினால் மேனிஃபோல்டுக்குள் இருப்பது ஏறக்குறைய 10, அதாவது வெளியே இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு. ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் தகடு திறந்து அடைப்பே இல்லாமல் போகும், முள் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து விழும். வேகமாகப் போகும்போது காலைச் சட்டென்று எடுத்தால் 22, 24 என்று எகிறும். வேக்குவத்தில் ஓடும் வைப்பர் வைத்த பழைய கார்களை ஓட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மழையில் ஏற்றம் ஏறும்போது, கண்ணாடி துடைக்க வேண்டிய நேரம் பார்த்து வைப்பர் படுத்துவிடும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால்தான் மறுபடி ஆடும்.

அப்புறம் டைமிங். பிளக்கில் பொறி விழுந்ததும் கலவை மொத்தமும் அந்தக் கணமே வெடித்துவிடுவதில்லை. தீ பிளக்கிலிருந்து கிளம்பி சிலிண்டர் முழுதும் பரவ வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். பிஸ்டன் உச்சியைத் தாண்டி, கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றும் தண்டு) கணக்கில் சுமார் 15 டிகிரி இறங்கும்போது உள்ளே அழுத்தம் உச்சத்தில் இருந்தால்தான் தள்ளுவது முழுக்கப் பயனாகும். அதற்கு, பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே பொறியைக் கொடுத்துவிட வேண்டும். எவ்வளவு முன்னால் என்பதுதான் அட்வான்ஸ்.

அந்த "எவ்வளவு" ஒரே எண்ணாக நிற்காது. கலவை எரிய 2 மில்லிசெகண்ட் ஆகிறது என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். 600 ஆர்பிஎம்மில் கிராங்க் வினாடிக்கு 3600 டிகிரி சுற்றும், 2 மில்லிசெகண்டில் 7 டிகிரிதான் நகரும். 3000 ஆர்பிஎம்மில் அதே 2 மில்லிசெகண்டுக்குள் 36 டிகிரி போய்விடும். வேகம் கூடக் கூடப் பொறி முந்தி விழ வேண்டும் என்பது இதிலேயே தெரிகிறது. வேகம் கூடும்போது சிலிண்டருக்குள் காற்றுக் கலவையின் சுழற்சியும் கூடி, தீ வேகமாகப் பரவும். அதனால் அட்வான்ஸ் முடிவில்லாமல் ஏறிக்கொண்டே போக வேண்டியதில்லை. பல எஞ்சின்களில் 3000 ஆர்பிஎம் வாக்கில் ஏற்றம் நின்றுவிடும்.

வேகத்தோடு கதை முடிந்திருந்தால் டிஸ்ட்ரிபியூட்டருக்கு வேக்குவம் டியூபே தேவைப்பட்டிருக்காது. சுமை என்று ஒன்று இருக்கிறது. ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் சிலிண்டர் நிறையக் கலவை, நல்ல அடர்த்தி, வேகமாக எரியும். லேசாக மிதித்துச் சமதளத்தில் போகும்போது உள்ளே இருப்பது கொஞ்சக் கலவை, அதிலும் முந்தைய சுற்றின் எரிந்த புகை கலந்திருக்கும், பெட்ரோலும் குறைவாக இருக்கும். நெருக்கி அடுக்கிய விறகுக்கும் எட்ட எட்டச் சிதறிக் கிடக்கும் விறகுக்கும் உள்ள வித்தியாசம். சிதறியது மெல்லத்தான் பற்றும். ஆகவே அதற்கு இன்னும் முந்திப் பொறி வேண்டும். ஐட்லிங்கிலும் இதே கதைதான், இன்னும் மோசமாக.

ஆரம்ப காலத்தில் இதையெல்லாம் டிரைவரே கையால் பார்த்துக்கொண்டார். 1908-லிருந்து 1927 வரை வந்த ஃபோர்டு மாடல் டி காரில் ஸ்டீயரிங்குக்குக் கீழே இரண்டு நெம்புகோல்கள் இருக்கும். வலது பக்கம் த்ராட்டில், இடது பக்கம் டைமிங். கைப்பிடி போட்டுச் சுற்றி ஸ்டார்ட் செய்யும்போது டைமிங்கைப் பின்னுக்குத் தள்ள மறந்தால் எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்துக் கையை ஒடித்துவிடும். சூடான எஞ்சினில் உங்கள் ஸ்டார்ட்டர் திணறுவதும் அதே உதைதான். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு வெகு முன்பே தீ பற்றி, ஏறும் பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. அன்றைக்குக் கை வாங்கிய அடியை இன்றைக்கு ஸ்டார்ட்டர் மோட்டார் வாங்குகிறது.

பிறகு வந்த டிஸ்ட்ரிபியூட்டர்களில் இந்த வேலையை இரண்டு பொறிமுறைகள் பங்கிட்டுக்கொண்டன. வேகத்துக்கு, ஸ்பிரிங்கால் கட்டப்பட்ட இரண்டு எடைகள். ஷாஃப்ட் சுற்றச் சுற்ற அவை வெளியே விரிந்து, பொறியைத் தூண்டும் கேமை முன்னே திருப்பும். சுமைக்கு, பக்கவாட்டில் தொங்கும் அந்தத் தகரக் குப்பி. உள்ளே ஒரு ரப்பர் டயாஃப்ரம். வேக்குவம் இழுத்தால் டயாஃப்ரம் ஒரு கம்பியை இழுக்கும், கம்பி பாயின்ட் (திறக்கும்போது பொறியைக் கிளப்பும் மின்தொடர்பு) பொருத்திய தகட்டைத் திருப்பும். வேக்குவம் நிறைய என்றால் சுமை குறைவு, அட்வான்ஸைக் கூட்டு. வேக்குவம் போய்விட்டதா, சுமை ஏறிவிட்டது, கூட்டியதைத் திருப்பிக் கொடு. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் ஒரு ரப்பர் துண்டும் ஒரு ஸ்பிரிங்கும் இதைச் செய்தன என்பதில் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துப் பிழைப்பு நடத்தியவர்களும் உண்டு. ஃபோர்டு தன் சில எஞ்சின்களில் லோடோமேட்டிக் என்ற டிஸ்ட்ரிபியூட்டரை வைத்தது. அதில் எடைகளே கிடையாது, எல்லாம் வேக்குவம். அதோடு பேசத் தெரிந்த கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டினால் அட்வான்ஸ் குழம்பிவிடும். பலர் அந்தக் குழியில் விழுந்திருக்கிறார்கள். நேர் எதிராக, ஃபோக்ஸ்வாகன் பீட்டில்காரர்கள் விரும்பி மாட்டும் போஷ் 009-இல் எடைகள் மட்டும்தான், குப்பி இல்லை. ஐட்லிங்கிலிருந்து ஆக்சிலேட்டரை மிதித்ததும் எஞ்சின் ஒரு கணம் திகைத்து நிற்பது அதற்குப் பேர்போன குறை.

இப்போது உங்கள் காருக்கு வருவோம். ஐட்லிங்கில் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினால் வேக்குவம் ஏன் ஏறுகிறது? மெல்ல எரியும் அந்த மெலிந்த கலவைக்கு உண்மையில் 20, 25 டிகிரி கூடத் தேவைப்படும். நீங்கள் 8 கொடுத்திருந்தீர்கள். கூட்டியதும் ஒவ்வொரு பொறியும் நன்றாகத் தள்ளுகிறது, வேகம் கூடுகிறது, த்ராட்டில் அதே இடத்தில் நிற்க எஞ்சின் அதிகக் காற்றுக்கு இழுக்கிறது, முள் ஏறுகிறது. அதாவது ஐட்லிங்குக்கு எது பிடிக்கும் என்பதை கேஜ் சரியாகவே சொன்னது. ஆனால் டிஸ்ட்ரிபியூட்டர் உடலைத் திருப்பினால் ஐட்லிங்கில் மட்டும் டைமிங் மாறுவதில்லை, எல்லா வேகத்திலும் அதே அளவு மாறிவிடுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் டிஸ்ட்ரிபியூட்டரின் எடைகள் 24 டிகிரி கூட்டுகின்றன என்று வைப்போம். புத்தகப்படி 8 கூட்டல் 24, மொத்தம் 32. பல எஞ்சின்களுக்கு இது நியாயமான எண். அமெரிக்க வி8 என்றால் 34, 36 வரைகூடப் போகும். கேஜைப் பார்த்து 20-இல் வைத்தீர்களா, மொத்தம் 44. ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து ஏற்றம் ஏறும்போது 44 டிகிரி கொடுத்தால் நாக்கிங் வராமல் வேறு என்ன வரும்? தீ முந்திப் பற்றி, இன்னும் எரியாத மூலைக் கலவையை நெருக்கி, அது தானாக வெடிக்கிறது. காதில் விழும் நாக்கிங்கையாவது தடுக்கலாம். அதிவேகத்தில் காற்றுச் சத்தத்திலும் எஞ்சின் சத்தத்திலும் கேட்காத நாக்கிங்தான் பிஸ்டனின் விளிம்பை உடைக்கும்.

"கேஜில் அதிகபட்சம் வரும்வரை திருப்பு, பிறகு ஒரு அங்குலம் குறை" என்று ஒரு பழைய வழி உண்டு. அதன்படி பலர் பல வருடம் ஓட்டியிருக்கிறார்கள், நான் மறுக்கவில்லை. நடுவழியில் லைட் இல்லாமல் மாட்டிக்கொண்டால் நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் லைட்டை எடுப்பேன்.

நாக்கிங் எப்போது வருகிறது என்பதைக் கவனித்தாலே குற்றவாளி பாதி அகப்பட்டுவிடுவான். ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கும்போது வந்தால் வேக்குவம் குப்பியைச் சந்தேகிக்காதீர்கள். அந்த நேரத்தில் வேக்குவமே இல்லை, குப்பி ஒன்றும் கூட்டவில்லை. அடிப்படை டைமிங் அதிகம், அல்லது எடைகளின் ஸ்பிரிங் தளர்ந்து சீக்கிரம் விரிகிறது. மாறாக, சமதளத்தில் லேசாக மிதித்துப் போகும்போது டிக்டிக் என்று கேட்டு, அழுத்தி மிதித்தால் நின்றுவிட்டால், குப்பி தேவைக்கு அதிகமாக இழுக்கிறது. புகையைத் திரும்ப மேனிஃபோல்டுக்குள் அனுப்பும் ஈ.ஜி.ஆர். வால்வு உள்ள கார் என்றால் அது அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தக் கார்களின் குப்பி, புகை கலந்த மெதுவான கலவையை மனதில் வைத்து அதிகம் இழுக்கும்படி செய்யப்பட்டது. புகை வரவில்லை என்றால் அந்த அட்வான்ஸ் மிகையாகிவிடும்.

சரி, வேலையை எப்படித் தொடங்குவது? பாயின்ட் உள்ள டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் முதலில் பாயின்ட் இடைவெளி. இதைக் கடைசியில் தொட்டால் அதுவரை செய்ததெல்லாம் வீண். இடைவெளி கூடினால் பாயின்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் முந்தும். பாயின்ட்டின் தேய்ப்புக் கட்டை நாளாக நாளாகத் தேயும்போது இடைவெளி குறைந்து டைமிங் தானாகவே பின்தங்கும். பாயின்ட் மூடியிருக்கும் கோணத்தை (ட்வெல்) அளக்கும் மீட்டர் வைத்திருப்பவர்கள் ட்வெல்லில் 1 டிகிரி மாறினால் கிராங்கில் டைமிங்கும் ஏறக்குறைய 1 டிகிரி மாறும் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியே டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். புஷ் தேய்ந்து ஆடினால் லைட் வெளிச்சத்தில் குறி ஓரிடத்தில் நிற்காமல் நடுங்கும், எவ்வளவு திருப்பினாலும் பிரயோஜனமில்லை.

எஞ்சின் நன்றாகச் சூடானபின் டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து வேக்குவம் டியூபைக் கழற்றி, டியூபின் வாயை ஒரு சிறிய போல்ட் வைத்து அடையுங்கள். அடைக்காமல் விட்டால் அதுவே காற்றுக் கசிவாகி ஐட்லிங்கைக் கெடுக்கும். ஐட்லிங் வேகத்தைப் புத்தகம் சொல்லும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். 1000-க்கு மேல் ஓடிக்கொண்டிருந்தால் எடைகள் ஏற்கெனவே விரியத் தொடங்கியிருக்கும், நீங்கள் 8 என்று பார்ப்பது உண்மையில் 4 ஆக இருக்கலாம். லைட்டை ஒன்றாம் சிலிண்டர் வயரில் மாட்டி, புல்லியில் குறியைப் பாருங்கள். ரோட்டர் சுற்றும் திசைக்கு எதிராக உடலைத் திருப்பினால் அட்வான்ஸ், அதே திசையில் திருப்பினால் ரிட்டார்ட், அதாவது தாமதம். விசிறிப் பட்டை ஓடிக்கொண்டிருக்கும் என்பதையும் சட்டைக் கையையும் மறக்க வேண்டாம்.

இதோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். அடுத்ததுதான் எனக்கு முக்கியம். டியூபை மாட்டாமலே வேகத்தை மெல்லக் கூட்டிக்கொண்டே குறியைப் பாருங்கள். குறி சீராக நகர்ந்து, 3000 வாக்கில் ஓரிடத்தில் நின்றுவிட வேண்டும். நின்ற இடம்தான் மொத்த அட்வான்ஸ். முழு மிதியில் எஞ்சினுக்குக் கிடைக்கப்போவது அதுதான், எஞ்சினின் ஆயுளும் அதில்தான் இருக்கிறது. குறி நகரவே இல்லை என்றால் எடைகள் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கின்றன. திடீரென்று தாவினால் ஒரு ஸ்பிரிங் உடைந்திருக்கலாம். அடிப்படை சரியாக இருந்து மொத்தம் தப்பாக இருந்தால் நான் மொத்தத்தைத்தான் சரியாக வைப்பேன். ஐட்லிங் கொஞ்சம் கரடுமுரடாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

டிஸ்ட்ரிபியூட்டரைப் பற்றிய பட்டியல்களைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுகிறது. அதனால் டிஸ்ட்ரிபியூட்டர் டிகிரி என்று போட்டிருந்தால் இரண்டால் பெருக்கினால்தான் கிராங்க் டிகிரி. லூகாஸ் கம்பெனியின் குப்பிகளில் 5-17-8 என்பதுபோல மூன்று எண்கள் பொறித்திருக்கும். 5 அங்குலத்தில் இழுக்கத் தொடங்கும், 17-இல் முழுக்க இழுக்கும், அதிகபட்சம் 8 டிஸ்ட்ரிபியூட்டர் டிகிரி. கிராங்கில் அது 16. சமதளத்தில் லேசான மிதியில் போகும்போது 32 கூட்டல் 16, மொத்தம் 48 டிகிரி. இந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மெலிந்த கலவைக்கு அது சரியான அளவுதான். குப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுகிறவர்கள் பெட்ரோலிலும் சூட்டிலும் அதற்கான விலையைக் கொடுக்கிறார்கள்.

குப்பி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, டியூபை வாயில் வைத்து உறிஞ்சி, நாக்கால் அடைத்துக்கொள்ளுங்கள். உள்ளே தகடு திரும்ப வேண்டும், நீங்கள் அடைத்திருக்கும்வரை அப்படியே நிற்க வேண்டும். திரும்பி உடனே பழைய இடத்துக்கு வந்தால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. ஒருமுறை ஒரு கார் ஓடும்போது சூடாகிறது, மைலேஜ் இல்லை என்று கார்புரேட்டரை இரண்டு தடவை பிரித்துக் கோத்தேன். ஜெட் மாற்றினேன், மிதவையைச் சரிசெய்தேன், ரேடியேட்டரைக் கழுவினேன். கடைசியில் கிழிந்த டயாஃப்ரம்தான். வாயில் வைத்து உறிஞ்சியிருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

அடுத்து, எந்த நிப்பிள் என்ற பழைய சண்டை. கார்புரேட்டரில் பொதுவாக இரண்டு வகை உண்டு. ஒன்று த்ராட்டில் தகட்டுக்குக் கீழே திறக்கும். அதில் ஐட்லிங்கிலேயே முழு வேக்குவம் இருக்கும். இதை மேனிஃபோல்ட் வேக்குவம் என்போம். இன்னொன்றின் துளை, மூடிய தகட்டுக்குச் சற்று மேலே இருக்கும். ஐட்லிங்கில் அங்கே ஒன்றும் இராது. ஆக்சிலேட்டரைத் தொட்டதும் தகட்டின் விளிம்பு துளையைத் தாண்டி நகரும், அதன்பின் அங்கும் அதே மேனிஃபோல்ட் வேக்குவம்தான். இது போர்ட்டட். ஐட்லிங்கைத் தாண்டிவிட்டால் இரண்டுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை. போர்ட்டட் வேக்குவம் மிதிக்க மிதிக்கக் கூடும் என்று சொல்கிறவர்கள், கார்புரேட்டரின் குறுகலில் வரும் வென்ச்சுரி வேக்குவத்தோடு அதைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஆக, சண்டை ஐட்லிங்கைப் பற்றி மட்டும்தான். புகைக் கட்டுப்பாடு வந்த 1960-களின் பிற்பகுதியிலும் 70-களிலும் ஐட்லிங்கில் வேண்டுமென்றே டைமிங்கைத் தாமதித்தார்கள். தாமதமாகப் பற்றிய தீ எக்ஸாஸ்ட்டிலும் எரிந்துகொண்டே போகும், எரியாத பெட்ரோல் ஆவி அங்கே எரிந்து தீரும். ஆனால் அந்தச் சூடு எக்ஸாஸ்ட் வால்வுப் பகுதி வழியாகத் தண்ணீரில் இறங்கும். இதனால் நெரிசலில் சூடானால் என்ன செய்வது என்று அந்தக் காலக் கார்கள் பலவற்றில் ஒரு சிறிய வெப்ப வால்வு வைத்தார்கள். தண்ணீர் மிகச் சூடானதும் அது டிஸ்ட்ரிபியூட்டரை போர்ட்டட்டிலிருந்து மேனிஃபோல்ட் வேக்குவத்துக்கு மாற்றிவிடும். ஐட்லிங்கில் அட்வான்ஸ் கொடுத்தால் எஞ்சின் குளிரும் என்பதற்குத் தயாரிப்பாளர்களே கொடுத்த சாட்சி இது. அதற்காக போர்ட்டட் என்றாலே புகைச் சட்டம் பெற்ற பிள்ளை என்று சொல்லிவிட முடியாது. அந்தச் சட்டங்களுக்கு முன்பே அதைப் பயன்படுத்திய நல்ல எஞ்சின்கள் உண்டு.

என் அபிப்பிராயம் இது. புத்தகம் சொல்லும் நிப்பிளில் தொடங்குங்கள். எடை, ஸ்பிரிங், குப்பி எல்லாம் அதை மனதில் வைத்துத்தான் அமைக்கப்பட்டன. உங்கள் எஞ்சின் 8 டிகிரியில் முரண்டு பிடித்து, கூட்டினால் சந்தோஷப்படுகிறது என்பதால் மேனிஃபோல்ட் வேக்குவத்தை ஒருமுறை முயன்று பார்க்கலாம். டிஸ்ட்ரிபியூட்டர் உடல் 8-இலேயே இருக்க, ஐட்லிங்கில் குப்பி 10, 16 டிகிரி கூட்டிக் கொடுக்கும். கேஜில் நீங்கள் விரும்பிய ஏற்றம் வரும். முழு மிதியில் வேக்குவம் விழுந்ததும் அந்தக் கூடுதல் மறைந்து 32-க்கே திரும்பும். நாக்கிங் வராது. ஸ்டார்ட் செய்யும்போது மேனிஃபோல்டில் வேக்குவம் மிகக் குறைவு என்பதால் ஸ்டார்ட்டருக்கு உதையும் கிடையாது. உடலைத் திருப்பி நீங்கள் தேடியது இதைத்தான்.

இதில் இரண்டு எச்சரிக்கை. மாற்றியதும் ஐட்லிங் வேகம் எகிறும், த்ராட்டில் ஸ்க்ரூவைப் பின்வாங்கிக் குறைக்க வேண்டும். இதில் ஒரு மறைமுக லாபமும் உண்டு. டைமிங் தாமதமாக இருக்கும்போது எஞ்சின் நின்றுவிடாமலிருக்கத் தகட்டை அதிகம் திறந்துவைத்திருப்போம். அப்போது ஐட்லிங்கைத் தாண்டிய பிறகே வேலை செய்ய வேண்டிய இடைநிலைத் துளைகள் ஐட்லிங்கிலேயே திறந்துகொண்டு பெட்ரோல் வரும், மிக்ஸ்ச்சர் ஸ்க்ரூவைத் திருகினாலும் எஞ்சின் கண்டுகொள்ளாது. சாவியை அணைத்த பிறகும் எஞ்சின் தொடர்ந்து குலுங்கும். ஐட்லிங்கில் அட்வான்ஸ் கிடைத்துத் தகட்டை மூட முடிந்ததும் இவை பெரும்பாலும் சரியாகும். இரண்டாவது எச்சரிக்கை, குப்பி எத்தனை அங்குலத்தில் முழுதாக இழுக்கிறது என்பது. உங்கள் ஐட்லிங் வேக்குவம் 15, குப்பிக்குத் தேவை 17 என்றால், அது பாதியில் நின்று ஊசலாடும். வேக்குவம் கொஞ்சம் குறைய, அட்வான்ஸ் குறைய, வேகம் குறைய, வேக்குவம் இன்னும் குறைய என்று ஐட்லிங் அலைபாயும். ஐட்லிங் வேக்குவத்தைவிட 2 அங்குலமாவது குறைவான அளவில் முழுதாக இழுக்கும் குப்பி வேண்டும். இல்லாவிட்டால் போர்ட்டட்டிலேயே விட்டுவிடுவது மேல். இரண்டு டியூப் உள்ள குப்பி என்றால் ஒன்று அட்வான்ஸுக்கு, இன்னொன்று ஐட்லிங்கில் ரிட்டார்டுக்கு. மாற்றி மாட்டிவிடாதீர்கள்.

இதையெல்லாம் செய்வதற்கு முன்பாக, அந்த 15 அங்குலம் ஏன் 15 என்று கேட்டுவிடுவது நல்லது. நல்ல நிலையில் உள்ள சாதாரண எஞ்சின் கடல் மட்டத்தில் 17-லிருந்து 21 வரை காட்டும். உயரம் ஏற ஏற ஒவ்வொரு 1000 அடிக்கும் ஏறக்குறைய 1 அங்குலம் கழித்துக்கொள்ள வேண்டும். நீங்கள் 4000 அடியில் இருந்தால் 15 என்பது குறையே இல்லை.

உயரம் காரணமில்லை என்றால், எண்ணைவிட முள்ளின் ஆட்டத்தைப் பாருங்கள். முள் ஆடாமல் அசையாமல் குறைவாக நின்றால் டைமிங் தாமதம் அல்லது காற்றுக் கசிவு. சீரான இடைவெளியில் விழுந்து விழுந்து எழுந்தால் ஒரு வால்வு எரிந்திருக்கலாம். எப்போதாவது மட்டும் விழுந்தால் வால்வு ஒட்டிக்கொள்கிறது. ஐட்லிங்கில் வேகமாக நடுங்கி, வேகம் கூட்டினால் நின்றுவிட்டால் வால்வு கைடு தேய்ந்திருக்கிறது. அகலமாக ஆடினால் பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டருக்கு நடுவே ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். முதலில் சரியாக இருந்து, வேகத்தைக் கூட்டிப் பிடித்ததும் மெல்ல மெல்ல இறங்கினால் எக்ஸாஸ்ட் அடைப்பு. கேஜின் உண்மையான திறமை இங்கேதான் இருக்கிறது, டைமிங் வைப்பதில் இல்லை.

கசிவைத் தேடும்போது கார்புரேட்டர் அடிக் கேஸ்கட், பிரேக் பூஸ்டர் டியூப், கிராங்க்கேஸ் காற்று வால்வின் டியூப், தேய்ந்த த்ராட்டில் ஷாஃப்ட் ஆகியவற்றைப் பாருங்கள். டியூப்களை ஒவ்வொன்றாகக் கிடுக்கியால் நெரித்துப் பார்த்தாலே பல கசிவுகள் தெரிந்துவிடும். எந்த டியூபை நெரித்ததும் முள் ஏறுகிறதோ அதுதான். சூடான எஞ்சின் மேல் தீப்பிடிக்கக்கூடிய ஸ்ப்ரே அடித்துத் தேடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

இன்னொரு சந்தேகமும் உங்கள் விஷயத்தில் எனக்கு உண்டு. குறியே பொய் சொல்லலாம். பல எஞ்சின்களின் முன்புல்லி இரண்டு வளையங்களாகச் செய்யப்பட்டு, நடுவில் ரப்பர் ஒட்டியிருக்கும். வருடங்கள் போனால் ரப்பர் நழுவி வெளிவளையம் திரும்பிவிடும், குறியும் அதோடு போகும். லைட் 8 காட்டும்போது உண்மையில் 2 ஆக இருக்கலாம். பிளக்குகளைக் கழற்றி, ஒன்றாம் சிலிண்டரின் பிளக் துளையில் பிஸ்டனை நிறுத்தும் கருவியைத் திருகி, கிராங்கைக் கையால் மெல்ல ஒரு பக்கம் திருப்பி முட்டும் இடத்தைக் குறியுங்கள். பிறகு மறுபக்கம் திருப்பி முட்டும் இடத்தைக் குறியுங்கள். இரண்டுக்கும் சரி நடுவில்தான் பிஸ்டனின் உச்சி. புல்லியில் பொறித்த குறி அங்கே இல்லை என்றால் புதிதாக ஒரு கோடு போட்டுக்கொண்டு டைமிங்கை முதலிலிருந்து வையுங்கள். குறி சரியாக இருந்து, கசிவும் இல்லாமல், டைமிங் செயினிலும் தளர்வு இல்லாமல், முள் இன்னும் 15-இலேயே நிற்கிறதா? அப்படியானால் டிஸ்ட்ரிபியூட்டரை விட்டுவிட்டு, எல்லா சிலிண்டர்களின் கம்ப்ரஷனையும் அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த பேச்சை அந்த எண்களை வைத்துக்கொண்டுதான் பேச முடியும்.